ஆடிய நாற்காலியும் ஆயில்ய நட்சத்திரமும்

அன்புள்ள செந்தில்,

மேகலாவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வரியிலேயே இதை எழுதிவிடுகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள் எல்லோரும், ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணத்தை நான்தான் நட்சத்திரத்தைக் காட்டி நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "பையன் தங்கமானவன், அம்மாக்காரிக்குத்தான் கான்வென்ட்டுல படிச்ச திமிரு" என்று காய்கறிக் கடையில் ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. திமிர் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தேதியைத் தள்ளியது நான் இல்லை, நீ. ஓசூரிலிருந்து போன் செய்து, "தைக்குப் பாத்துக்கலாம்மா, இப்ப லீவு கெடைக்காது" என்று சொன்னது நீ. லீவு கிடைக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் இதை வெளிப்படையாகப் பேசியதால் நானும் இதை உறை ஒட்டாத கடிதமாகவே எழுதுகிறேன். ஒரு பிரதி உன் பெரியம்மாவுக்கு, இன்னொன்று ஸ்ரீமுஷ்ணத்தில் மேகலாவின் வீட்டுக்கு. நம் தெரு நலச்சங்கத்தின் மாத இதழில் போடக் கேட்டால் அதற்கும் தருவேன்.

நேற்று காலை என் கையின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வெட்டி எடுத்ததும் உள்ளே இருந்த கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வெளுத்து, மெலிந்து, தோல் உரிந்து. உன் அப்பாவின் பீங்கான் யூனிட்டில் பொம்மை வார்க்கும் அச்சும் இதே மாவில் செய்ததுதானே, ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் விரல்களை மடக்கச் சொன்னார், மடங்கின. பேனா பிடிக்கலாமா என்று கேட்டேன். "மெதுவா பிடிங்கம்மா" என்றார். ஆட்டோவில் உட்கார்ந்ததும் என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, வலிக்குதுங்களா?" என்று கேட்டார். வலிக்கவில்லை, நிம்மதி என்றேன். யாரோ பிசைந்து கொடுத்த சோற்றைச் சாப்பிட்டதும், யாரோ கட்டிவிட்ட புடவையில் நடந்ததும்கூடப் பெரிய குறை இல்லை. எழுத முடியாததுதான் குறை. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அதை முடித்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் அப்படி முடிக்க முடியாது. கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டி நிமிர்த்திய கையெழுத்து இன்று கொஞ்சம் சாய்கிறது. பொறுத்துக்கொள்.

நான் எப்படி விழுந்தேன் என்பதை விழுந்த அன்றே எல்லோரிடமும் சொன்னேன். அப்பா செய்த பன்னிரண்டு ராசி டைல்களையும் உன் கல்யாணத்துக்குக் கொடுக்கலாம் என்று, பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்க நினைத்தேன். சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினேன். அதன் பின்கால் ஒன்று குட்டை. பெட்டியை இழுத்தபோது நாற்காலி ஆடியது. பெட்டி கீழே சுருட்டி வைத்திருந்த மெத்தைமேல் விழுந்தது, நான் தரையில் விழுந்தேன். பன்னிரண்டு டைலில் ஒன்றுகூட உடையவில்லை. உடைந்தது என் மணிக்கட்டு மட்டும்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் உன் பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்கள்.

"ஆயில்யம் மாமியாருக்கு ஆவாதுன்னு நான் அப்பவே சொன்னன். வெத்தல பாக்கு மாத்தி ஒரு வாரம்கூட முழுசா ஆவுல."

"நாற்காலி ஆடுச்சுக்கா."

"அதத்தான் நானும் கேக்கறன். அன்னைக்குன்னு பாத்து அது ஏன் ஆடணும்?"

"அது நாலு வருசமாவே ஆடுதுக்கா."

"ஆடட்டும். நீ விழுந்தது அன்னைக்குத்தான?"

இதற்குப் பதில் சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குக் கற்றுத்தரவில்லை. உன் பெரியம்மா கெட்டவர்கள் இல்லை. அன்று மத்தியானம் எனக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய பயம் உண்மையான பயம். அதை உனக்குப் போனில் சொன்னார்கள், நீயும் பயந்துவிட்டாய். என்மேல் இருக்கிற பாசத்தில்தான் பயந்தாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் பயத்தைப் பயம் என்று சொல்லாமல் லீவு என்று சொன்னாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அந்த டைல்களின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஜங்ஷன் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டிய ஒருவர், முகப்புச் சுவரில் பதிக்க ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு டைல் வேண்டும் என்று அப்பாவிடம் வந்தார். அதுவரை நம் யூனிட்டில் பியூஸ் கேரியரும் ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும்தான். நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று ராசிகளில் நான்கு வகை உண்டு, அந்தந்த வகைக்கு அந்தந்த நிறம் வேண்டும் என்று மட்டும் மண்டபக்காரர் சொல்லிவிட்டுப் போனார். எந்த ராசி எந்த வகை என்று சொல்லவில்லை. கேட்பதை அப்பா கௌரவக் குறைச்சலாக நினைத்தார். படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். நெருப்புக்குச் சிவப்பு, நிலத்துக்குப் பழுப்பு, காற்றுக்கு வெள்ளை, தண்ணீருக்குப் பச்சை கலந்த நீலம். நண்டைப் பார்த்தார், தண்ணீர் என்றார். அது சரியாகப் போயிற்று. தேளைப் பார்த்தார், கல்லுக்கு அடியில் இருப்பது, அதனால் நிலம் என்றார். மகரத்துக்கு மீன் வால் இருந்ததால் அதுவும் தண்ணீர். கும்பத்தைக் கேட்கவே வேண்டாம், குடம் என்றால் தண்ணீர்தானே.

சூளையில் எப்போதும் இரண்டு செட் வைப்பது வழக்கம். ஒன்று கோணிக்கொண்டால் மற்றொன்று இருக்கும். இரண்டு செட்டும் ஒரு கோணல் இல்லாமல் வந்தன, நிறம் மட்டும்தான் தப்பு. மண்டபக்காரர் கூட்டிவந்த ஜோசியர் கும்பத்தைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னா மொதலாளி, கும்பத்துக்குத் தண்ணிய ஊத்திட்டீங்க. அது காத்துங்க. தேளுதாங்க தண்ணி." அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ டீ வரவழைத்து, ஜோசியரை உட்கார வைத்து, சாயங்காலம்வரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்துக்கு வேறு செட் சுட்டுக் கொடுத்தார். தப்பு நிறத்தில் ஒரு செட் நம் வீட்டுப் பரணுக்கு வந்தது.

அன்று சாப்பிடும்போது அவர் எனக்குச் சொன்னதைத்தான் உனக்கு எழுதுகிறேன். ஜோசியம் மூடநம்பிக்கை என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டேன். "இது ஜோசியம் இல்ல, நம்ம வேலதான்" என்றார். "மண்ணு, கரைக்கத் தண்ணி, காயக் காத்து, வேக நெருப்பு. இதுல ஒண்ணு இல்லன்னாலும் ஒரு டம்ளரு வருமா?" இந்த நான்குக்கும் மேலே மூன்று குணங்கள் உண்டாம். நகர்வது சரம், நிலைப்பது ஸ்திரம், இரண்டும் கலந்தது உபயம். அதையும் சூளையை வைத்தே சொன்னார். தீயை ஏற்றுகிற நேரம் சரம். ஏறிய சூட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கிற நேரம் ஸ்திரம். தீயை அணைத்த பிறகு முழுச் சூடும் இல்லாமல் முழுக்க ஆறவும் ஆறாமல் இருக்கிறதே, அது உபயம். அப்போது அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது விரிசல் விடும். நான்கையும் மூன்றையும் பெருக்கினால் பன்னிரண்டு ராசி. ஒருமுறை வந்த சேர்க்கை மறுமுறை வராது. கணக்கு இப்படிச் சுத்தமாக இருந்ததும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

மாதங்களும் இதே வரிசைதான். நமக்கு ராசி என்பது நாம் பிறந்தபோது சந்திரன் இருந்த இடம். அதே பன்னிரண்டு இடங்களில் சூரியன் இருப்பதுதான் சித்திரை முதல் பங்குனிவரை. பஞ்சாங்கத்தில் பருவம் ஆறு. அப்பா யூனிட்டில் மூன்று மூன்று மாதமாக நான்காகப் பிரித்துக்கொள்வார். சித்திரையில் வெயில் கிளம்பும், வைகாசியில் அசையாது, ஆனியில் காற்று திசை மாறும். ஆடியில் காற்றும் புதுத் தண்ணீரும் புறப்படும், ஆவணி அதைத் தக்கவைக்கும், புரட்டாசி ஒரு நாள் வெயில் ஒரு நாள் மழை என்று தடுமாறும். ஐப்பசியில் மழை தொடங்கும், கார்த்திகையில் வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும், மார்கழியில் பனியாக மாறும். தையில் வெளிச்சம் புதிதாக இருக்கும், மாசி அப்படியே தொடரும், பங்குனியில் காலையில் குளிரும், மத்தியானம் சுடும். ஐப்பசியில் வார்த்த பொம்மை காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும், பங்குனியில் வார்த்தது காய்கிற அவசரத்திலேயே வெடிப்பு விடும். "அப்ப இதுல நல்ல மாசம் எது, கெட்ட மாசம் எது?" என்று அவரை மடக்கினேன். "எல்லா மாசமும் சூள வெச்சுத்தான சோறு துன்றோம்" என்று சொல்லி மோர் கேட்டார்.

படத்தைப் பார்த்து அப்பா ஏமாந்த மாதிரிதான் ஊர் ஆயில்யத்தைப் பார்க்கிறது. அதற்குப் படம் பாம்பு, அதனால் மாமியாரைக் கொத்திவிடும். மேகலாவுக்கு முப்பத்தொரு வயது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று அடுத்தவர் நோய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண். அவள் ஜாதகம் போன வீடுகளிலிருந்தெல்லாம் இந்த ஒரு சொல்லைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் மாமியார் இல்லாத வீடாகப் பார்க்கச் சொல்லித் தரகரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் நம் வீட்டுக்குப் போன் செய்தபோது எடுத்தது நான்.

"பையனுக்கு அம்மா இருக்காங்களாங்க?"

"நான்தாங்க அம்மா, பேசறேன்."

"அடடா" என்றார்.

அவ்வளவு வருத்தத்தோடு யாரும் என்னிடம் பேசியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிரோடு இருப்பதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு ஜாதகத்தை அனுப்பச் சொன்னேன். பொருத்தம் பார்த்தவர், உன் கும்பத்துக்கும் அவள் கடகத்துக்கும் மத்திமம் என்றார். மத்திமமே போதும் என்று நீ சொன்னாய். ஆயில்யத்தை என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, அது எனக்கு வரவேண்டிய தொல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் எதிரிலேயே சொன்னேன். மறந்துவிட்டாயா?

போன வாரம், ஆடி வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் தனியாக பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் தனியாக வருவது நம் பக்கத்து வழக்கம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். கதவைத் திறந்தபோது, முறித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அத்த, நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு எங்க வூட்டுல பேசிக்கிறாங்க. உங்க வாயால கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தன்."

"நான் அப்பிடிச் சொல்லலம்மா. உள்ள வா."

"உங்க புள்ளயும் போன எடுக்க மாட்டங்கறாரு. நாலு வரி மெசேஜ் அனுப்பினா ஒரு கட்ட வெரலப் போடறாரு. அதுக்கு இன்னா அர்த்தம்னு எடுத்துக்கறது?"

எனக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை, செந்தில். அவள் சமையலறைக்கு வந்து உட்காரப் போனது அந்த நாற்காலியில். அதில் வேண்டாம் என்றேன். கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். டக் டக் என்று ஆடியது.

"இதானா அத்த?"

"இதேதான்."

"எப்பலேர்ந்து ஆடுது?"

"நாலு வருசம் இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் செந்தில் தம்பி வந்து சரி பண்ணித் தரேன்னு சொல்லும்."

"அப்ப நீங்க விழுந்ததுக்கு என் நட்சத்திரம் காரணமா, உங்க புள்ள காரணமா?"

மாவுக்கட்டு குலுங்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு அவள் முகம் மாறிவிட்டது. "சிரிச்சுட்டன், ஆனா எனக்குப் பயமாத்தான் இருக்குது அத்த. நாளைக்கு உங்களுக்கு ஒரு தலவலி வந்தாக்கூட எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க." சொல்லிவிட்டு எழுந்து போய்க் காப்பி போட்டாள். நான் இடது கையால் குடிக்கத் திணறுவதைப் பார்த்து, டம்ளரில் பாதி பாதியாக ஊற்றிக் கொடுத்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "ஆவணின்னா ஆவணி, தைன்னா தை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அவரு சொல்லணும். போயிட்டு வரேன் அத்த." அவள் முறித்துக்கொண்டு போகவில்லை. மாவுக்கட்டு போட்டதிலிருந்து அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அவள் கடகம். சர நீர், நகர்கிற தண்ணீர். யாரும் கூப்பிடாமல் பஸ் ஏறி வந்தாளே, அது போதாதா? நான் ரிஷபம். ஸ்திர நிலம், அசையாத மண். அது பொய் என்று நம் குடும்பத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். மண்ணுக்குத் தண்ணீர் ஆகாது என்று வேறு எந்த ஊரில் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். பீங்கானுக்குப் பேர்போன நம் விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாமா? நீ படித்த படிப்பும், நாம் இருக்கிற வீடும் அந்த இரண்டும் சேர்ந்ததில் வந்தவைதானே?

நீ கும்பம். ஸ்திரக் காற்று, போக வழியில்லாமல் நிற்கிற காற்று. ஒரு கொலு சமயத்தில் நம் யூனிட்டில் யானை பொம்மை போட்டோம். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுவார்கள், உள்ளே வயிறு வெற்றாக இருக்கும். ஒட்டும்போது அடியில் ஊசியால் ஒரு துளை விட வேண்டும். அவசரத்தில் ஒரு வரிசைக்கு அந்தத் துளையை விட மறந்துவிட்டார்கள். சூளைக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் வெளியேற வழி தெரியாமல் அந்த யானைகள் வெடித்தன. வெடித்தது மட்டுமா, பக்கத்தில் ஒழுங்காக நின்றிருந்த பிள்ளையார்களையும் உடைத்தன. "யானைய சொல்லி இன்னா பண்றது, ஒரு ஓட்ட உட்டிருந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டே அப்பா துண்டுகளைக் கூடையில் அள்ளினார். உன்னை யானை என்றால் கோபித்துக்கொள்ளாதே. அப்பா போனபோதும் நீ வாயைத் திறக்கவில்லை. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் ஏற்பாடு செய்துகொண்டே இருந்தாய். இப்போதும் பயத்தை உள்ளே வைத்து மூடி, லீவு என்று மேலே மெருகு பூசிவிட்டாய். அடி பட்டது பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு. கல்யாணம் ஆன பிறகு உனக்குக் கோபம் வரும், சலிப்பு வரும், என்னைப் பற்றியே உங்களுக்குள் சண்டை வரும். அதையெல்லாம் வராமல் தடுக்க என்னிடம் வழி இல்லை. அவளிடம் சொல். அவ்வளவுதான் என் புத்திமதி. இது எந்த ராசிக்காரனுக்கும் பொருந்தும் என்றாலும் உனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வெளியில் வீறாப்பாகப் பேசினாலும் உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறதோ என்று என்னையே கிளறிப் பார்த்தேன். இல்லை. அது எனக்கே பெரிய ஆறுதலாக இருந்தது. இனிமேலும் நான் விழுவேன். சர்க்கரை ஏறும், கண் மங்கும், ஒரு நாள் செத்தும் போவேன். நீ கல்யாணம் செய்துகொண்டாலும் அது நடக்கும், செய்துகொள்ளாவிட்டாலும் நடக்கும். அன்றைக்கு நம் கூடத்தில் யாராவது ஆயில்யம் என்று வாயெடுத்தால், நீ எழுந்து நின்று இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்க வேண்டும். அதனால் தெளிவாக எழுதுகிறேன்: எனக்கு வருகிற எந்த நோவுக்கும், என் சாவுக்கும், என் மருமகள் மேகலாவின் நட்சத்திரம் காரணம் இல்லை. இதை முழு நினைவோடு என் வலது கையால் எழுதியிருக்கிறேன். இதற்காகத்தான் கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்தேன். வேறு ஒருவரை எழுத வைத்திருந்தால் இது என் வார்த்தை என்று யார் நம்புவார்கள்?

டைல்களைத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன், அதே தப்பு நிறத்தில். கடகத்தை எடுத்துக் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பச்சை நீலம். அப்பா செய்த தப்பு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே ஆடிக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, கை லேசாக வலிக்கிறது, மனசில் பாரம் இல்லை.

மேகலாவுக்கு இன்றைக்கே போன் செய். வரும்போது நாற்காலிக் காலுக்கு ஒரு ரப்பர் புஷ் வாங்கி வா. எனக்கு மட்டும் பதில் காகிதத்தில் வேண்டும். ஆவணியா, தையா என்று எழுது. தை என்றால் அதற்கு உண்மையான காரணத்தை எழுது. கட்டை விரல் வேண்டாம். ஒரு பக்கம் போதும், உன் கையெழுத்தில் எழுதித் தபாலில் போடு.

அன்புடன்,
அம்மா